ஆளில்லாத படகில் ஹீட்டர் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: தரங்கைக்காரன், தரங்கம்பாடி

எல்லோருக்கும் வணக்கம். எஞ்சின் வேலை, கப்பல் வேலை தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால்தான் இதை இங்கே கேட்கிறேன்.

என் மகன் கோபன்ஹேகனில் படிக்கிறான். அங்கே அறை வாடகை கட்டுப்படியாகவில்லை என்று, அவனும் கூடப் படிக்கும் ஒரு பையனும் சேர்ந்து 32 அடி பழைய ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி அதிலேயே தங்கியிருக்கிறார்கள். 1620இல் அவர்கள் வந்து நம் ஊரில் கோட்டை கட்டினார்கள், இப்போது நம் பிள்ளை அவர்கள் துறையில் படகு கட்டியிருக்கிறான் என்று அவன் அம்மாவுக்கு ஒரே பெருமை. எனக்குக் கவலைதான் அதிகம்.

தையில் என் மகளுக்குக் கல்யாணம். மகன் டிசம்பர் இரண்டாவது வாரம் கிளம்பி வந்தால் பிப்ரவரியில்தான் திரும்புவான். கூட இருக்கும் பையனும் அந்தச் சமயத்தில் அவன் ஊருக்குப் போகிறான். அங்கே குளிர் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் படகில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். போன குளிர்காலம் முழுக்க இருவரும் உள்ளேயே இருந்து ஹீட்டரை ஓட்டிக்கொண்டிருந்ததால் பிரச்சினை வரவில்லை.

படகில் இருப்பது டீசலில் ஓடும் ஹீட்டர். சூடான காற்றை ஊதும் வகை இல்லை, தண்ணீரைச் சூடாக்கிக் குழாயில் சுற்றிவிடும் வகை. அந்தத் தண்ணீர் மூன்று ரேடியேட்டர் வழியாகவும், பாத்ரூமில் துண்டு காயப்போடும் கம்பி வழியாகவும், நம் வீட்டு கீசர் மாதிரி ஒரு வெந்நீர்த் தொட்டிக்குள் இருக்கும் சுருள் வழியாகவும் போய்த் திரும்புகிறது. குடிக்க, குளிக்கத் தனியாகத் தண்ணீர்த் தொட்டி, பம்பு எல்லாம் உண்டு. அடுத்த படகுக்காரர் ஒருவர் ஹீட்டரை 5 டிகிரியில் வைத்துவிட்டுப் போ என்கிறாராம். இன்னொருவர் கொஞ்சம் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றிவிட்டுப் போ, போதும் என்கிறாராம். இரண்டுமே எனக்கு மனதுக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் விசைப்படகு நாகையில் கட்டியிருக்கிறது. ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கினால் 61 நாளும் எஞ்சினை எப்படி வைக்க வேண்டும் என்று கேளுங்கள், சொல்கிறேன். தண்ணீர் உறைவது என்பதை மட்டும் ஐஸ் பெட்டியில்தான் பார்த்திருக்கிறேன். பையன் கையால் செய்யப்போகிற வேலை இது. வரிசையாக, தெளிவாகச் சொன்னால் வீடியோ காலில் நான் கூடவே இருந்து செய்ய வைத்துவிடுவேன்.

பதில்: நாகை டீசல், அக்கரைப்பேட்டை

அண்ணே, வணக்கம். நான் படகு எஞ்சின் வேலை செய்கிறவன். பனி நாட்டில் வேலை பார்த்ததில்லை. ஆனால் இந்த விஷயம் நமக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

நம் துறைமுகப் பக்கத்து ஐஸ் பிளாண்டுக்குள் போயிருப்பீர்கள். தகர டின்னில் நல்ல தண்ணீரை ஊற்றி, உப்புக் கரைசல் தொட்டிக்குள் இறக்கியிருப்பார்கள். கரைசல் மைனஸ் 10 டிகிரி பக்கம் இருக்கும், ஆனாலும் உறையாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் நல்ல தண்ணீர்தான் கட்டியாகும். கட்டியான பிறகு மேலே பாருங்கள், ஐஸ் புடைத்துக்கொண்டு நிற்கும். டின்னுக்கு மேல் வாய் திறந்திருப்பதால் அது பாட்டுக்குப் புடைத்துக்கொள்கிறது. அதே தண்ணீரை இரண்டு பக்கமும் மூடிய செம்புக் குழாயில் அடைத்து உறைய வைத்தால் குழாய் கிழியும். மகன் படகில் தடுக்க வேண்டியது இதைத்தான். உப்புக் கரைசல் செய்யும் வேலையைத்தான் ஆன்டிஃப்ரீஸும் செய்கிறது. உப்பு செம்பையும் அலுமினியத்தையும் தின்றுவிடும் என்பதால் அங்கே கிளைக்கால் என்ற திரவத்தை ஊற்றுகிறார்கள்.

ஹீட்டரைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். எஞ்சின் பக்கம் மட்டும் நான் சொல்கிறேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஹீட்டரைக் காப்பாற்றிவிட்டு எஞ்சினை விட்டுவிட்டால் என்ன பயன்?

எஞ்சினுக்குள் கடல் தண்ணீர் போகும் பாதை ஒன்று, மூடிய சுற்றில் கூலன்ட் போகும் பாதை ஒன்று இருக்கும். கடல் தண்ணீர்ப் பாதையில் ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டி, இம்பெல்லர் என்ற ரப்பர் இறக்கைச் சக்கரம் வைத்த பம்பு, ஹீட் எக்ஸ்சேஞ்சர், கடைசியாகப் புகைக் குழாயில் இருக்கும் மஃப்ளர் பெட்டி, இத்தனை இடத்திலும் தண்ணீர் நிற்கும். முதலில் கடல் வால்வை மூடச் சொல்லுங்கள். அப்புறம் ஸ்ட்ரெய்னர் மூடியைத் திறந்து, எஞ்சினை ஓட விட்டு, அதன் வழியாக ஒரு வாளி நல்ல தண்ணீர், பின்னாலேயே ஆன்டிஃப்ரீஸ் கரைசல் என்று ஊற்ற வேண்டும். பின்பக்கம் புகையோடு ஆன்டிஃப்ரீஸ் நிறம் வரத் தொடங்கியதும், வெளியே வருவதை ஒரு வாளியில் பிடித்துக்கொண்டு, எஞ்சினை நிறுத்தலாம். பிறகு இம்பெல்லரைக் கழற்றி வைத்துவிடலாம். ஒரே நிலையில் மடங்கிக் கிடந்தால் அதன் இறக்கைகள் அப்படியே வளைந்து நின்றுவிடும். நாம் தடைக்காலத்தில் செய்வதும் இதுதானே.

கூலன்ட் பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊரில் கூலன்ட் ஊற்றுவது துருவுக்கும் கொதிப்புக்கும் பயந்து. வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற படகுகளும் இங்கே உண்டு. அங்கே வெறும் தண்ணீர் இருந்தால் எஞ்சின் பிளாக்கே விரிசல் விடும்.

இன்னொன்று. வெந்நீர்த் தொட்டிக்குள் ஹீட்டர் சுருள் மட்டும் இருக்கிறதா, எஞ்சின் கூலன்ட் போகும் சுருளும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாய்மரப் படகுகளில் பெரும்பாலும் எஞ்சின் சூட்டிலும் தண்ணீர் காயும்படி வைத்திருப்பார்கள்.

பதில்: மாயவரம் மெரைன், மயிலாடுதுறை

தரங்கைக்கார ஐயா, மகன் பத்திரமாக வந்து தங்கை கல்யாணத்தை நிம்மதியாகப் பார்க்கட்டும். நான் கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். பால்டிக் கடல் துறைமுகங்களில் குளிர்காலம் பார்த்திருக்கிறேன். சிறு படகுகளில் இருக்கும் இந்த ஹீட்டர் அமைப்பும் எனக்குப் பழக்கம்தான்.

நாகைத் தம்பி எஞ்சின் பக்கத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார். நான் ஹீட்டருக்கு வருகிறேன். உங்கள் மகன் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று. அந்தப் படகுக்குள் இரண்டு விதத் தண்ணீர் இருக்கிறது. ரேடியேட்டர்களில் சுற்றும் தண்ணீர் வேறு, குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர் வேறு. முதலாவதை வடிக்கவே கூடாது, இரண்டாவதைச் சொட்டு விடாமல் வடித்தாக வேண்டும். இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் படகுகளில் சேதம் வருகிறது.

ரேடியேட்டர் சுற்றை ஏன் வடிக்கக் கூடாது? ஹோஸ் மேலும் கீழுமாக வளைந்து வளைந்து போகிறது. எங்கே வடித்தாலும் தாழ்ந்த வளைவுகளில் தண்ணீர் நின்றே தீரும். வடித்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் போய்விடுவோம், நின்ற தண்ணீர் உறையும். வெறுமையான குழாயில் காற்றுப் புகுந்து உள்ளே துருவும் ஏறும். திரும்ப நிரப்பும்போது காற்று அடைத்துக்கொண்டு ஹீட்டர் மணிக்கணக்காக மக்கர் செய்யும். ஆகவே அந்தச் சுற்றில் கிளைக்கால் கலவை நிறைந்தே இருக்கட்டும். ஆனால் சரியான அடர்த்தியில் இருக்க வேண்டும்.

'கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போ' என்ற யோசனையில் எனக்குள்ள பயம் அதுதான். எத்திலீன் கிளைக்கால் பாதி, தண்ணீர் பாதி என்றால் சுமார் மைனஸ் 36 டிகிரி வரை உறையாது. மூன்றில் ஒரு பங்கு என்றால் மைனஸ் 18 பக்கம். கால் பங்கு என்றால் மைனஸ் 12தான். சரி, அப்படியானால் தண்ணீரே இல்லாமல் முழுக்கக் கிளைக்கால் ஊற்றிவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். அது இன்னும் மோசம். தனிக் கிளைக்கால் மைனஸ் 13 பக்கத்திலேயே உறைந்துவிடும், சூட்டையும் சரியாகக் கடத்தாது. தண்ணீரோடு கலந்தால்தான் அதற்கு இந்தக் குணம். கலக்கும் தண்ணீர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும்.

எந்தக் கிளைக்கால் என்பதும் முக்கியம். கார் கடையில் கிடைக்கும் சாதாரண கூலன்ட் எத்திலீன் வகை. அது விஷம். வெந்நீர்த் தொட்டியின் சுருளில் ஒரு சிறு ஓட்டை விழுந்தால் அது குளிக்கிற, வாய் கொப்பளிக்கிற தண்ணீரில் கலந்துவிடும். அதனால் தொட்டிச் சுருள் வழியாகப் போகும் சுற்றுக்குப் புரோப்பிலீன் கிளைக்கால்தான் நல்லது என்பது என் அபிப்பிராயம். பாதிக்குப் பாதி கலந்தால் அதுவும் மைனஸ் 33 வரை தாங்கும். கோபன்ஹேகனுக்கு அது தாராளம். ஏற்கெனவே எந்த வகை ஊற்றியிருக்கிறது என்று முன்பு படகு வைத்திருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது, ஒவ்வொரு கம்பெனியும் ஒரு நிறம் போடுகிறது. ஒத்துப்போகாத இரண்டு வகை கலந்தால் உள்ளே கூழாகி மெல்லிய குழாய்களை அடைக்கும். தெரியவே இல்லை என்றால் முழுக்க வெளியேற்றி, தண்ணீர் விட்டு அலசி, புதிதாக நிரப்புவதுதான் வழி.

அடர்த்தியை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பது. விலை அதிகமில்லை, பக்கத்துப் படகில் யாராவது வைத்திருப்பார்கள். எத்திலீனுக்கும் புரோப்பிலீனுக்கும் தனித்தனி கோடு இருக்கும், சரியான கோட்டைப் பார்க்க வேண்டும். மிதவை வைத்த சாதாரண டெஸ்டர் புரோப்பிலீனுக்குப் பொய் சொல்லும், அது வேண்டாம்.

அளப்பதற்கு முன் செய்ய வேண்டியதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். எல்லா ரேடியேட்டர் வால்வுகளையும் முழுக்கத் திறந்து, துண்டுக் கம்பியின் வால்வையும் திறந்து, ஹீட்டரை நன்றாகச் சூடாகும் வரை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு ரேடியேட்டரையும் கையால் தொட்டுச் சூடு வருகிறதா என்று பார்க்க வேண்டும். யாராவது ஒரு வால்வை எப்போதோ மூடி வைத்திருந்தால் அதற்குள் பழைய தண்ணீர் அப்படியே நிற்கும். மற்ற இடமெல்லாம் மைனஸ் 33 தாங்கும், அந்த ஒரு இடம் மைனஸ் 3இல் வெடிக்கும். மேலே இருக்கும் சின்ன நிரப்பும் டப்பாவிலிருந்து சாம்பிள் எடுக்காதீர்கள். குறையும்போதெல்லாம் அதில்தான் எதையாவது ஊற்றியிருப்பார்கள், அங்கே ஒரு கணக்கு, குழாயில் ஒரு கணக்காக இருக்கும். ரேடியேட்டரின் காற்று விடும் திருகிலிருந்து எடுங்கள்.

குறைவாக இருந்தால் எவ்வளவு மாற்றுவது? ஓர் உதாரணம். சுற்று முழுக்க 12 லிட்டர் பிடிக்கிறது, இப்போது இருப்பது 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 லிட்டரை எடுத்துவிட்டு 4 லிட்டர் கலக்காத கிளைக்காலை ஊற்றினால் சரியாக 50 சதவீதம் வரும். திரும்ப ஓட்டி, திரும்ப அளக்க வேண்டும்.

இப்போது குழாய்த் தண்ணீர். முதலில் வெந்நீர்த் தொட்டிக்குக் கரண்ட் ஹீட்டர் இருந்தால் அதன் ஃபியூஸையே எடுத்துவிடச் சொல்லுங்கள். காலித் தொட்டியில் கரண்ட் போனால் எலிமென்ட் கருகிவிடும். அப்புறம் எல்லாக் குழாய்களையும், சூடு, பச்சை இரண்டு பக்கமும் திறந்து, காற்றுத் துப்பும் வரை பம்பை ஓட்டி நிறுத்த வேண்டும். இதோடு முடிந்தது என்று பலர் நினைப்பார்கள். வெந்நீர்த் தொட்டி அப்போதும் நிறைந்துதான் இருக்கும். தண்ணீர் அதற்குள் நுழையும் வழியில் ஒருவழி வால்வு இருப்பதால் திரும்பி வராது. தொட்டியின் அடியில் இருக்கும் வடி குழாயைத் திறந்து, மேலே இருக்கும் பிரஷர் வால்வின் நெம்புகோலைத் தூக்கிக் காற்று உள்ளே போக விட வேண்டும்.

அடுத்து பம்பு. பம்புக்கு முன்னால் ஒரு சின்ன ஃபில்டர், கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடியோடு இருக்கும். முதலில் விரிசல் விடுவது பெரும்பாலும் அதுதான். கழற்றித் துடைத்து வைக்கட்டும். ஷவர் ஹோஸைத் தரையில் படும்படி தொங்கவிட வேண்டும். படகின் பின்பக்கம் வெளியே குளிக்க ஒரு ஷவர் இருந்தால் அதையும் மறக்கக் கூடாது, எல்லோரும் மறப்பது அதைத்தான். ஷவர் தண்ணீரை வெளியேற்றும் குட்டிப் பம்பு, டாய்லெட் வளைவு, இவற்றில் தண்ணீரை முழுக்க எடுக்க முடியாது. அங்கே புரோப்பிலீன் கலவை கொஞ்சம் ஊற்றி நிரப்பிவிடலாம். வேலை முடிந்ததும் குழாய்களை மூடாமல் திறந்தே விட்டுவர வேண்டும். ஐஸ் ஒரு பக்கம் அடைத்து, மறுபக்கம் மூடிய குழாய் இருந்தால், நடுவில் மாட்டிய தண்ணீர்தான் அழுத்தம் தாங்காமல் குழாயைக் கிழிக்கிறது. வாய் திறந்திருந்தால் அது நகர்ந்துகொள்ளும். தண்ணீர் ஐஸாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும்.

கடைசியாக அந்த 5 டிகிரி யோசனை. வேண்டாம் ஐயா. டீசல் ஹீட்டர் ஓட பேட்டரி வேண்டும், விசிறியும் பம்பும் அதில்தான் சுற்றுகின்றன. கரையிலிருந்து வரும் கரண்ட் ஒரு மழை நாளில் டிரிப் ஆனால், ஓரிரு நாளில் பேட்டரி இறங்கி ஹீட்டர் தானே நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து நல்ல குளிர் அடிக்கும். உங்கள் மகன் இங்கே பந்தல்கால் நட்டுக்கொண்டிருப்பான், அங்கே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஆளில்லாத படகில் நெருப்பு எரியவிட்டுப் போவதும் எனக்குப் பிடிக்காது. சேதம் உறையும்போது தெரியாது, பனி உருகும்போதுதான் ஒழுகும். அதையும் பார்க்க ஆள் இருக்காது.

ஹீட்டரைக் கடைசி முறை முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள், உள்ளே இருக்கும் கரி எரிந்துபோகும். சுவிட்சில்தான் நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகும் விசிறி கொஞ்ச நேரம் சுற்றி எரிகலனைக் குளிர்விக்கும். அது தானாக நிற்கும் முன் பேட்டரி மெயினை அணைக்கவே கூடாது. டீசல் டேங்கை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் படியாது. பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்து இணைப்பைக் கழற்றட்டும். முழு சார்ஜில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 50இல்கூட உறையாது. இறங்கிப்போன பேட்டரி மைனஸ் 10க்குள்ளேயே உறைந்து பெட்டி வெடித்துவிடும்.

பதில்: குடந்தை காயத்ரி, கோட்டன்பர்க்

அங்கிள், நான் கும்பகோணம். இப்போது ஸ்வீடனில், கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் சில மணி நேரத் தொலைவில் இருக்கிறேன். நானும் என் கணவரும் இங்கே சின்னப் படகு ஒன்று வைத்திருக்கிறோம். மாயவரம் சார் சொன்னது அத்தனையும் இங்கே எல்லோரும் செய்வதுதான். நான் கடை, துறை விஷயங்களை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

புரோப்பிலீன் வகையைக் கார் கடையில் தேடினால் கிடைப்பது கஷ்டம். படகுச் சாமான் கடை, கேரவன் சாமான் கடை இரண்டிலும் கிடைக்கும். டப்பாவில் ஏற்கெனவே தண்ணீர் கலந்ததா, கலக்காததா என்று படித்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். கலந்து வருவதில் திரும்பவும் தண்ணீர் ஊற்றிவிட்டால் மாயவரம் சார் போட்ட கணக்கு தப்பிவிடும். வடித்த பழைய கூலன்டை பில்ஜிலோ, அதாவது படகின் அடித்தளக் குழியிலோ, கடலிலோ விடவே கூடாது. துறையிலேயே கழிவு எண்ணெய், கெமிக்கல் வாங்கிக்கொள்ளும் இடம் இருக்கும், கேனில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், அதனால் டெக்கில் சிந்தினாலும் துடைத்துவிடச் சொல்லுங்கள்.

படகு தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பது நல்லதுதான். கடல் தண்ணீர் பூஜ்யத்தைச் சுற்றியே இருப்பதால் படகின் அடிப்பகுதி காற்றைவிடக் கதகதப்பாக இருக்கும். கரையில் ஏற்றி வைத்தால் நாலு பக்கமும் காற்றின் குளிர் அப்படியே இறங்கும். ஆனால் மிதக்கும் படகில் வேறு ஒரு ஆபத்து. டெக்கில் விழும் மழையும் உருகும் பனியும் வடியும் ஓட்டைகள் இலை அடைத்து உறைந்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கத் தொடங்கும். கிளம்பும் முன் அவற்றைச் சுத்தம் செய்யட்டும்.

கரையிலிருந்து வரும் தண்ணீர் இணைப்பு ஹோஸைக் கழற்றியே ஆக வேண்டும். மெத்தை, தலையணை எல்லாவற்றையும் சுவரை ஒட்டாமல் நிமிர்த்தி வைத்து, அலமாரிக் கதவுகளைத் திறந்து விட்டால் பூஞ்சை பிடிக்காது. எல்லாவற்றையும்விட முக்கியம், சாவியை ஒருவரிடம் கொடுத்துவிட்டு வருவது. குளிர்காலம் முழுக்கப் படகிலேயே இருப்பவர்கள் அந்தத் துறையில் இருந்தால், வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்து பில்ஜில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒரு போட்டோ அனுப்பச் சொல்லலாம். இங்கே அப்படி ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்வது வழக்கம். வரும்போது அவர்களுக்குக் கொஞ்சம் முறுக்கு, அதிரசம் கொண்டுபோகட்டும்.

தரங்கைக்காரன்

மூவருக்கும் கைகூப்பி நன்றி. நேற்று ராத்திரி வீடியோ காலில் உட்கார்ந்துவிட்டோம். நீங்கள் எழுதியதை நான் படிக்கப் படிக்க அவன் செய்தான்.

மாயவரம் ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. மூன்று ரேடியேட்டரும் சூடானது, துண்டுக் கம்பி மட்டும் ஜில்லென்று இருந்தது. பின்னால் கையை விட்டுப் பார்த்தால் வால்வு மூடிக் கிடந்தது. திறந்ததும் அரை நிமிடத்தில் சூடு ஏறியது. கலவையும் மைனஸ் 9 வரைதான் தாங்கும் என்று கருவி காட்டியது. பழைய உரிமையாளரைக் கேட்டதில் புரோப்பிலீன்தான், டப்பாவின் போட்டோவே அனுப்பினார். இந்த வாரக் கடைசியில் கொஞ்சம் எடுத்துவிட்டுக் கலக்காததை ஊற்றி மறுபடி அளக்கப்போகிறோம்.

நாகைத் தம்பி, எஞ்சின் சுருளும் அந்தத் தொட்டிக்குள் இருக்கிறது. எஞ்சின் கூலன்டையும் அளந்தோம், அது நன்றாகவே இருக்கிறது.

ஒரு இடத்தில்தான் மாட்டிக்கொண்டோம். வெந்நீர்த் தொட்டியின் அடியில் வடி குழாயைத் திறந்தால் நாலு சொட்டு வந்து நின்றுவிட்டது. தொட்டி காலி இல்லை, தட்டினால் நிறைந்த சத்தம் கேட்கிறது. பலமாகத் திருக எனக்குப் பயமாக இருந்தது, நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

மாயவரம் மெரைன்

நிறுத்தியது நல்லது. பித்தளைக் குழாய், பழைய தொட்டி, பலம் காட்டினால் அடியோடு கையில் வந்துவிடும்.

இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது, மேலே காற்று போக வழியில்லை. பிரஷர் வால்வின் நெம்புகோலை நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கீழே பார்க்கச் சொல்லுங்கள். வெந்நீர்க் குழாய்களும் திறந்தே இருக்கட்டும். இரண்டாவது, கோபன்ஹேகன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். சூடாகும் இடத்தில் அது செதில் செதிலாக உதிர்ந்து அடியில் படியும், வடி குழாயின் வாயை அடைக்கும். குழாயைத் திறந்து வைத்து, ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு மெதுவாகக் கிளறினால் உடைந்து வந்துவிடும். எவ்வளவு மண் வருகிறது என்று பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் தொட்டிக்குள் பச்சைத் தண்ணீர் நுழையும் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்திக் கழற்றி, அந்த ஒருவழி வால்வையும் சேர்த்து எடுத்துவிட்டு, அந்த வாய் வழியாக வடிக்கலாம். அந்த வாயும் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். கீழே வாளி வைத்துக்கொள்ளட்டும். முக்கியமாக, ஹீட்டர் ஓட்டி சில மணி நேரம் ஆறிய பிறகு செய்ய வேண்டும். கொதிக்கிற தண்ணீர் கையில் கொட்டினால் கல்யாணத்துக்குக் கட்டோடுதான் வருவான்.

நாகை டீசல்

கடல் வால்வு பற்றி ஒன்று விட்டுப்போனது அண்ணே. பந்து வால்வை மூடினால் பந்தின் துளைக்குள் கொஞ்சம் தண்ணீர் சிக்கிக்கொள்ளும். தண்ணீருக்குள் முழுக்க மூழ்கி இருக்கும் வரை அது உறைவது அபூர்வம். பிற்பாடு எப்போதாவது கரையேற்றினால் மட்டும் பாதி திறந்த நிலையில் விட்டு வடிய வைக்கச் சொல்லுங்கள். இப்போது மிதக்கும்போது மூடித்தான் இருக்க வேண்டும். காக்பிட் வடியும் குழாய்களுக்கு வால்வு இருந்தால் அது மட்டும் திறந்திருக்க வேண்டும், மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் போகும். இம்பெல்லரைக் கழற்றியிருந்தால் எஞ்சின் சாவியில் அதைக் கட்டித் தொங்கவிடட்டும். திரும்பி வந்ததும் அவசரத்தில் ஸ்டார்ட் பண்ணிவிடக் கூடாது.

தரங்கைக்காரன்

கம்பியை விட்டுக் கிளறியதும் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு கொட்டியது, பின்னாலேயே தண்ணீர் வந்தது. வாளி வாளியாக எடுத்தான். கலவையையும் மாற்றி அளந்துவிட்டோம், மைனஸ் 30 காட்டுகிறது. எல்லா ரேடியேட்டரிலும் ஒரே அளவு. இம்பெல்லர் சாவியில் தொங்குகிறது. பக்கத்துப் படகில் ஒரு டேனிஷ் அம்மா குளிர்காலம் முழுக்க இருக்கிறாராம், சாவி அவரிடம். காயத்ரி அம்மா, அதிரசத்துக்கு வீட்டில் இப்போதே பாகு பதம் பற்றிப் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

பிப்ரவரியில் அவன் திரும்பிப் போனதும் எந்த வரிசையில் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள் ஐயா, எழுதி அவன் பெட்டியில் வைத்துவிடுகிறேன்.

மாயவரம் மெரைன்

குளிர் குறைந்து இரவிலும் பூஜ்யத்துக்கு மேல் நிற்கும் வரை, அல்லது ஹீட்டர் போட்டு உள்ளே கதகதப்பு வரும் வரை நிரப்ப வேண்டாம். முதலில் பேட்டரியை இணைத்து ஹீட்டரைப் போடட்டும், கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு.

அப்புறம் வடி குழாய், பிரஷர் வால்வு, ஃபில்டர் மூடி எல்லாவற்றையும் மூடி, கழற்றிய ஹோஸ் கிளிப்புகளை இறுக்கி, குடிக்க, குளிக்க இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் கால்வாசி மட்டும் தண்ணீர் விடட்டும். பம்பைப் போட்டு, ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு, குழாய் போகும் வழி முழுக்க ஒருவர் பார்க்க வேண்டும். குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும்போதும் பம்பு விட்டு விட்டு ஓடினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு பச்சைத் தண்ணீர்க் குழாயில் தொடங்கி ஒவ்வொன்றாகத் திறந்து, காற்றுப் போய் ஒழுங்காக வரும் வரை விட வேண்டும். முதல் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, நிறையக் கொட்டிவிடட்டும். வெந்நீர்க் குழாயில் காற்று இல்லாமல் தண்ணீர் வந்தால்தான் வெந்நீர்த் தொட்டி நிறைந்ததாகக் கணக்கு. கரண்ட் ஹீட்டர் ஃபியூஸை அதற்குப் பிறகுதான் போட வேண்டும்.